நிறைந்தால் கீழே வரும் முள்

ஒரு தொட்டியில் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துகொள்ள நம்பகமான வழி, ஏணியில் ஏறி எட்டிப் பார்ப்பது. மற்ற வழிகள் எல்லாம் ஏணி ஏறச் சோம்பல்பட்டவர்களுக்காக உண்டானவை. நான் இதைச் சொன்னால் பொறியியல் படித்த பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். என் வேலைக்காலம் முழுவதும் தொட்டிகளோடு கழிந்தது. எந்தத் தொட்டியும் என்னிடம் பொய் சொன்னதில்லை. தொட்டிக்கும் எனக்கும் நடுவே ஏதாவது ஒன்றைக் கொண்டுவந்து மாட்டிய மனிதர்கள்தான் சொன்னார்கள்.

அந்த வழிகள் அனைத்தையும் நான் பார்த்துவிட்டேன். முதலாவது குச்சி. குச்சியை உள்ளே விட்டு எடுத்து, நனைந்த இடம் வரைக்கும் அளக்க வேண்டும். அடியில் வண்டல் படிந்திருந்தால் குச்சி வண்டலைத் தரை என்று நம்பி அதன் மேலேயே நின்றுவிடும். அடுத்தது கண்ணாடிக் குழாய். தொட்டியின் பக்கவாட்டில் மாட்டினால் உள்ளே இருக்கும் மட்டம் குழாயிலும் தெரியும். சாயத் தொட்டிக்கு இதை மாட்டிய மேதை ஒருவரை எனக்குத் தெரியும். சில நாட்களில் கண்ணாடியே சிவந்துபோய், தொட்டி காலியானாலும் குழாய் நிறைந்தே தெரிந்தது. அவர் அதைப் பார்த்து மிகவும் திருப்தியாக இருந்தார். இன்னொன்று, தொட்டியின் அடியில் அழுத்தத்தை அளந்து அதிலிருந்து உயரத்தைக் கணக்கிடுவது. தண்ணீருக்கென்று செய்த அந்தக் கருவியைத் தவிட்டு எண்ணெய்த் தொட்டியில் மாட்டினார்கள். எண்ணெய் தண்ணீரைவிட லேசு. அதனால் தொட்டி வாய்வரை நிறைந்த பிறகும் கருவி இன்னும் கொஞ்சம் ஊற்றலாம் என்றது. அவர்களும் ஊற்றினார்கள். அந்த ஆலையின் முற்றத்தில் அன்றைக்கு நடந்தவர்கள் எல்லாரும் சறுக்கினார்கள்.

இவை எல்லாவற்றிலும் எனக்கு ஓரளவு மரியாதை இருந்தது மிதவைப் பலகையின் மேல்தான். தொட்டிக்குள் ஒரு மிதவை. அதில் கட்டிய கம்பி மேலே ஏறி, உருளைமேல் திரும்பி, வெளிப்பக்கம் இறங்கும். நுனியில் ஓர் இரும்பு முள். முள்ளுக்குப் பின்னால் எண்கள் எழுதிய நீளப் பலகை. உள்ளே நீர் ஏறினால் மிதவை ஏறும், வெளியே முள் இறங்கும். நீர் இறங்கினால் முள் ஏறும். ஆகவே தொட்டி நிறைந்தால் முள் கீழே, காலியானால் மேலே. எண்களும் அதற்கேற்பத் தலைகீழாக எழுதப்பட்டிருக்கும். பூஜ்யம் உச்சியில். கிணற்றில் தண்ணீர் சேந்திய எவருக்கும் இது விளங்கும். இந்தப் பக்கம் கயிறு இறங்கினால் அந்தப் பக்கம் ஏறும்.

காஞ்சிபுரத்தில், பிள்ளையார்பாளையத்தை ஒட்டினாற்போல இருந்த ஒரு கூட்டுறவுச் சாயச்சாலையில் நான் பராமரிப்பு அலுவலராக இருந்தேன். தொண்ணூறுகளின் கடைசி. நெசவாளர்கள் கொண்டுவரும் பட்டு நூலைச் சோப்பும் சோடாவும் போட்டு வேகவைத்துப் பசை எடுப்போம், பிறகு சாயம் போடுவோம். மிச்சமாகும் சாயக்கழிவு முதலில் தரையடித் தொட்டிக்குப் போகும். அங்கிருந்து மோட்டார் வைத்து, மதிலோரம் நின்ற பெரிய இரும்புத் தொட்டிக்கு ஏற்றுவோம். சுண்ணாம்பு கலந்து தெளிய வைப்பது அங்கே. அந்தத் தொட்டியில்தான் மிதவைப் பலகை இருந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் தெரு. காலையில் அங்கே பாவு விரிப்பார்கள். தெரு நீளத்துக்குப் பட்டிழைகளை இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, நீவி, அறுந்த இழைகளை முடிவார்கள். அது முடியும்வரை அந்தத் தெருவில் சைக்கிள்கூட இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போகும்.

பாய்லரும் அந்த மோட்டாரும் ஓர் ஆப்பரேட்டரின் பொறுப்பு. ஓரிக்கைப் பக்கத்துக் கிராமத்தில் இருந்து வருவார். அவருடைய அப்பா அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு உழைத்தவர். இவர் பாய்லர் சான்றிதழ் வாங்கி எங்களிடம் தற்காலிகமாகச் சேர்ந்திருந்தார். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போவார். அந்த ஆண்டு அவர் பணி நிரந்தரமாக வேண்டிய ஆண்டு. கோப்பு மேசைமேல் வந்துவிட்டது. அவர் பெயரில் ஓர் எச்சரிக்கைக் கடிதம் இருந்தால்கூட கோப்பு திரும்பிவிடும், திரும்பினால் மறுபடி வராது. நடைமுறை தெரிந்த எனக்கு இது தெரியும். அவருக்கும் தெரியும். அதனால் அந்த மாதங்களில் அவர் மேலாளரிடம் பேசும்போது ‘சார்’ என்ற சொல் முன்னைவிட அதிகமாக வந்தது.

மேலாளர் புதியவர். நிர்வாகம் படித்தவர். தொட்டியைப் பார்க்கும் முன்பே தொட்டியைப் பற்றி அபிப்பிராயம் வைத்திருந்தார். முதல் நாள் சுற்றிப் பார்க்கும்போது பலகைக்கு முன்னால் நின்றார்.

“இது என்ன, ஜீரோ மேல இருக்கு?”

நான் மிதவை, கம்பி, உருளை எல்லாவற்றையும் சொன்னேன். கவனமாகக் கேட்டுக்கொண்டார். கேட்டு முடித்துவிட்டு, “சரி சார், ஆனா பாக்கறதுக்கு நல்லா இல்லையே” என்றார். “வெளியில இருந்து ஒருத்தர் வந்தா என்ன நெனப்பாங்க? நம்ம உற்பத்தி ஏறினா முள் இறங்குது. ஒரு பாசிட்டிவ்வா இல்ல.”

ஒரு சாக்கடைத் தொட்டி நிறைவதை வளர்ச்சியாகப் பார்த்தவர் என் அனுபவத்தில் அவர் ஒருவர்தான்.

அடுத்த மாதமே சென்னையிலிருந்து மீட்டர் விற்பவன் வந்தான். கழுத்துப்பட்டை கட்டிய இளைஞன். ஒலியால் அளக்கும் மீட்டர். தொட்டியின் உச்சியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சென்சார். அது கீழ்நோக்கி, காதுக்குக் கேட்காத ஒலியை விடும். ஒலி நீர்மட்டத்தில் மோதித் திரும்பும். திரும்பி வந்த நேரத்தை வைத்து ஆழத்தைக் கணக்குப் போட்டு, ஒரு பெட்டியில் சிவப்பு எண்களாகக் காட்டும். நல்ல கருவிதான். நல்ல தண்ணீருக்கு. எங்கள் தொட்டியில் எப்போதும் சோப்பு நுரை, மேலே ஆவி. நுரை ஒலியை விழுங்கிவிடும் என்று சொன்னேன்.

“அதெல்லாம் சமாளிச்சுக்கும் சார். எக்கோ வரலைன்னா கோடு கோடா காட்டிடும், நீங்க பாத்துக்கலாம்” என்றான்.

கோடு கோடாகக் காட்டத்தான் செய்தது, நுரை அதிகமான வேளைகளில். பெட்டியை எங்கே மாட்டியிருந்தார்கள் என்கிறீர்கள்? தொட்டியடியில் இல்லை, பாய்லர் அறையில் இல்லை, மோட்டார் சுவிட்சுக்குப் பக்கத்தில் இல்லை. மேலாளர் அறையில், அவர் நாற்காலிக்குப் பின்னால், வருகிறவர்கள் கண்ணில் படும்படி. எண்களுக்குப் பதில் கோடு வந்தால் அவருக்கு அவமானமாக இருந்தது. மீட்டர்காரனைத் திரும்ப அழைத்தார். அவன் பெட்டிக்குள் ஏதோ பொத்தானை அழுத்தி, எக்கோ வராத நேரத்தில் கடைசியாகக் காட்டிய எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும்படி செய்துவிட்டுப் போனான். அதாவது, காது கேட்காதபோது ‘கேட்கவில்லை’ என்று சொல்லும் நேர்மை அந்தக் கருவியிடம் இருந்தது. அதையும் பிடுங்கிவிட்டார்கள். நான் இது தப்பு என்று எழுத்தில் கொடுத்தேன். எழுத்தில் கொடுத்ததற்கு என்ன நேருமோ அது நேர்ந்தது.

பிறகு மேலாளர் இரண்டு உத்தரவுகள் போட்டார். ஒன்று, பாதுகாப்புக் கருதி யாரும் தொட்டி ஏணியில் ஏறக் கூடாது. இரண்டு, இனி மோட்டாரைப் போடுவதும் நிறுத்துவதும் மீட்டரைப் பார்த்துத்தான். மீட்டர் இருப்பது அவர் அறையில் என்பதால், அவர் இன்டர்காமில் “போடு” என்றால் ஆப்பரேட்டர் போட வேண்டும், “நிறுத்து” என்றால் நிறுத்த வேண்டும். ஆப்பரேட்டரைவிட அவர் வயதில் இளையவர். ஆனாலும் ஒருமைதான்.

பலகையைக் கழற்றச் சொன்னார். நான் தடுத்தேன். “ரெண்டு கடிகாரம் இருந்தா நேரம் தெரியாது சார்” என்று ஒரு பழமொழி மாதிரி எதையோ சொன்னார். எங்கோ கருத்தரங்கில் பொறுக்கியது. பலகை கழற்றப்பட்டுக் கிடங்குக்குப் போனது. மிதவை மட்டும் உள்ளே, யாருக்கும் சொல்ல வழியில்லாமல், ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

ஆயுத பூஜை வந்தது.

நான் சின்ன காஞ்சிபுரத்தில், கோயில் கைங்கரியக் குடும்பத்தில் பிறந்தவன். சந்தனத்தைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் சரஸ்வதி பூஜைக்குப் புத்தகங்களை அடுக்குவோம். சந்தனம் அட்டையில் வைப்போம். எழுத்தின் மேல் யாரும் வைப்பதில்லை. கத்திக்குப் பிடியில் பொட்டு. மூக்குக் கண்ணாடிக்குக் கூட்டில் பொட்டு. ஒரு பொருள் எந்த இடத்தால் வேலை செய்கிறதோ அந்த இடத்தை விட்டுவிட வேண்டும் என்பது பூஜை செய்யத் தெரிந்தவர்கள் எல்லாருக்கும் கைப்பழக்கமாகவே தெரியும். சாயச்சாலையில் பூஜை செய்தவர்களுக்கு இது தெரியவில்லை.

பூஜை விடுமுறைக்கு முந்தின நாளே அங்கே பூஜையை வைத்துக்கொண்டார்கள். அன்று நான் பாய்லர் ஆய்வுக் காகிதங்களுக்காகச் சென்னைக்கு அனுப்பப்பட்டிருந்தேன். நடந்ததை எலெக்ட்ரீஷியன் பிறகு சொன்னார். சாயச் சட்டிகள், தராசு, பாய்லர் எல்லாவற்றுக்கும் பட்டை, பொட்டு, மாலை. சாமி படங்களை வைக்க மேசை போதவில்லை. கிடங்கிலிருந்து என் மிதவைப் பலகையை எடுத்துவந்து, இரண்டு டிரம்களின் மேல் கிடத்தி, துணி விரித்து, படங்களை அதன் மேல் வைத்தார்கள். அந்தப் பலகைக்கு அந்த ஆண்டு கிடைத்த ஒரே மரியாதை அது. வாட்ச்மேன் பூஜையில் நிற்க ஆசைப்பட்டார் என்பதால், ஆப்பரேட்டரைக் கேட்டில் நிறுத்திவிட்டார்கள். பொரிப் பொட்டலம் அங்கேயே அவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

மேலாளருக்குப் புது மீட்டருக்குப் பூஜை செய்ய வேண்டும். அது தொட்டி உச்சியில். அவர் ஏணி ஏறமாட்டார், அவருடைய உத்தரவே இருக்கிறது. ஆகவே எலெக்ட்ரீஷியனை ஏறச் சொல்லி, சென்சாரைக் கழற்றி இறக்கி, தாம்பாளத்தில் வைத்தார்கள். பன்னீர் தெளித்தார்கள். திருகு சுற்றி மல்லிகைச் சரம். பிறகு மேலாளர் தன் கையால், ஒலியை விட்டு வாங்கும் அந்தத் தட்டையான பக்கத்தில், விளிம்புக்கு விளிம்பு சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம் வைத்தார். போட்டோக்காரர் படம் எடுத்தார். எலெக்ட்ரீஷியன் அதை அப்படியே கொண்டுபோய்த் திரும்ப மாட்டினார். ‘தொடச்சிட்டா பாவமில்லையா சார்?’ என்று பின்னால் என்னிடம் கேட்டார். பூஜைக்காக அப்போது தொட்டியை முக்கால்வாசிக்கு மேல் காலி செய்திருந்தார்கள். கழற்றும் முன் மீட்டர் கடைசியாகக் காட்டியது இருபத்திரண்டு சதவீதம்.

சந்தனம் காய்ந்து ஓடாக இறுகியது. சென்சார் செவிடானது. மீட்டர் இருபத்திரண்டிலேயே நின்றது.

விடுமுறை முடிந்து வேலை தொடங்கிய முதல் காலை. நிறையச் சாயம், அரக்கு நிறம். தரையடித் தொட்டி நிரம்பிக்கொண்டு வந்தது. மேலாளர் வந்து உட்கார்ந்ததும் மீட்டரைப் பார்த்து, இன்டர்காமில் “போடு” என்றார். ஆப்பரேட்டர் மோட்டாரைப் போட்டார். நேரம் போனது. ஆப்பரேட்டர் அழைத்துக் கேட்டார்.

“சார், ரொம்ப நேரமா ஓடிக்கினு இருக்குது. நிறுத்தட்டா?”

“இருபத்தி ரெண்டுதான்யா காட்டுது. ஓடட்டும்.”

இன்னும் கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டார்.

“சார், நான் வேணும்னா ஏறிப் பாத்துட்டு வரட்டா?”

“ஏறக் கூடாதுன்னு சர்க்குலர் போட்டிருக்கேன்ல? உனக்கு வேலை நிரந்தரமாகணுமா வேணாமா?”

அவர் ஏறவில்லை. அதன் பிறகு கேட்கவும் இல்லை.

எனக்கு முதலில் கேட்டது தெருவிலிருந்து வந்த ஒரு பெண்ணின் குரல். கேட்டைத் திறந்துகொண்டு ஓடினேன். தொட்டி மதிலுக்கு மேலாக வழிந்துகொண்டிருந்தது. அரக்குத் தண்ணீரும் நுரையும் பொங்கிப் பொங்கித் தெருவில் விழுந்தன. நேர் கீழே, மூங்கில் கவைகளில் இழுத்துக் கட்டிய ஒரு மஞ்சள் பாவு. அதில் பாதி இப்போது மஞ்சள் இல்லை. அதற்குச் சொந்தக்காரி, கையில் கஞ்சி நீவும் பிரஷ்ஷோடு, மதிலைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்.

“யோவ்! எவன்யா உள்ள இருக்கறது? கண்ணு அவிஞ்சு போச்சா?”

மோட்டார் நின்றது. ஆப்பரேட்டர் வெளியே ஓடி வந்தார். பின்னாலேயே மேலாளர்.

“ஏம்மா, கொஞ்சம் பொறுமையா பேசுங்க. மீட்டர்ல ஏதோ ப்ராப்ளம்…”

“மீட்டரா? ஆட்டோக்காரன் மீட்டர்கூட ஏறுதுய்யா! ஒம் மீட்டரு இன்னாத்துக்கு ஏறாம உக்காந்துக்கினு இருக்குது?”

தெருவே சிரித்தது. மேலாளர் சிரிக்கவில்லை. பக்கத்தில் நின்ற ஆப்பரேட்டரைப் பார்த்தார். அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். அலுவலகங்களில் ஒரு தவறு நடந்தவுடன் முதலில் நடப்பது, அதற்கு ஆள் தேடுவது. பெரும்பாலும் ஆள் பக்கத்திலேயே நிற்பார்.

“மோட்டார் இவன் பொறுப்புங்க” என்றார் மேலாளர், தெருவுக்கே கேட்கும்படி. “நடவடிக்கை எடுத்துடறேன்.”

அந்தப் பெண் ஆப்பரேட்டரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மேலாளரிடம் சொன்னார்: “அவரு மேல நடவடிக்கை எடுத்தா எம் பாவு மஞ்சளாய்டுமா? மொதல்ல பாவுக்கு வழி சொல்லு.”

பாவுக்கு வழி இருந்தது. ஒரே வழி. மஞ்சளை அரக்காக்க முடியும், அரக்கை மஞ்சளாக்க முடியாது. எங்கள் சாயக்காரர்கள் பாவை அவிழ்த்துச் சுருட்டி உள்ளே எடுத்துப்போய், முழுவதையும் ஒரே அரக்காகத் தோய்த்துக் கொடுத்தார்கள். வேறு மஞ்சள் நூலும் சங்கத்திலிருந்து போனது. அவர் கடைசிவரை நன்றி சொல்லவில்லை. அதுதான் சரி.

அன்றைக்கு மதியம், மேலாளர் சாப்பிடப் போன நேரத்தில், நான் உத்தரவை மீறி ஏணி ஏறினேன். எலெக்ட்ரீஷியனைச் சாட்சிக்குக் கீழே நிற்கவைத்துச் சென்சாரைக் கழற்றினேன். ஒலி விடும் பக்கம் முழுக்கக் காய்ந்த சந்தனம், நடுவே கறுத்துப்போன குங்குமம், திருகில் வாடிய மல்லிகை. மூன்று விரல்கள் இழுத்த தடம்கூட அப்படியே இருந்தது. எலெக்ட்ரீஷியன் அப்போதுதான் பூஜைக் கதையைச் சொன்னார். நான் அதைத் துணியில் சுற்றி என் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். யாரிடமும் சொல்லவில்லை. விசாரணைக்கு முன்னால் காட்டிய சாட்சியம் விசாரணைவரை உயிரோடு இருப்பதில்லை. இதை எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்கமாட்டார்கள், ஆனால் நடைமுறை இதுதான்.

ஆப்பரேட்டருக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு என் மேசைக்கு எதிரில் நின்றார்.

“சார், போடச் சொன்னாரு, போட்டேன். நிறுத்தச் சொல்லல, நிறுத்தல. இதுல நான் இன்னா தப்பு செஞ்சேன்னு எழுதறது?”

“இதையே எழுதுங்க.”

“இதயே எழுதுனா திமிரா எழுதுறான்னு சொல்லுவாங்களே சார்.”

அவர் சொன்னது சரிதான். நான் அதையே கொஞ்சம் நீளமாகவும், யாருக்கும் கோபம் வராத நடையிலும் எழுதிக் கொடுத்தேன். அலுவலகத் தமிழின் பயன் அது ஒன்றுதான்.

விசாரணைக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். காஞ்சிபுரத்துக்கு விசாரணைக்கு வரும் அதிகாரிகளுக்கு அம்மனைப் பார்ப்பது, வரதரைப் பார்ப்பது, வீட்டுக்குப் புடவை எடுப்பது என்று மூன்று வேலைகள் உண்டு. விசாரணை நான்காவது. இவர் முதல் மூன்றையும் முடித்துக்கொண்டு, நெற்றியில் புதுக் குங்குமத்தோடும், துணிக்கடைப் பையோடும், பிற்பகல் வந்து சேர்ந்தார். தொழில்நுட்ப உறுப்பினராக நான். மேலாளர் அறையிலேயே உட்கார்ந்தோம். பின்னால் சுவரில் மீட்டர் இன்னமும் இருபத்திரண்டு என்றது. அதற்குப் பக்கத்தில், சட்டம் போட்டு மாட்டிய ஒரு புதிய படம். நான் உட்காரும்போதே பார்த்துவிட்டேன்.

மேலாளர் ஆரம்பித்தார். “சிம்பிள் சார். மோட்டார் ஓடும்போது ஆப்பரேட்டர் கவனிக்கணும். கவனிக்கல.”

ஆப்பரேட்டர் கதவருகே நின்றுகொண்டிருந்தார். யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை. நான் துணியைப் பிரித்துச் சென்சாரை மேசைமேல் வைத்தேன்.

“இது என்ன?” என்றார் அதிகாரி.

“தொட்டி மட்டத்தைப் பார்க்க வேண்டிய சென்சார். சந்தனம் பூசியிருக்கிறது. காது அடைத்தால் கேட்குமா? அதனால் மீட்டர் நின்றுவிட்டது. மேலாளர் அந்த மீட்டரைப் பார்த்துத்தான் மோட்டார் ஓட்டச் சொன்னார்.”

மேலாளர் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. “சார், அப்போ இது நாசவேலை! வேணும்னே யாரோ பூசியிருக்காங்க. பூஜையில கலந்துக்காத ஆள் யாருன்னு பாத்தாலே தெரிஞ்சிடும்.”

எல்லாரும் ஆப்பரேட்டரைப் பார்த்தார்கள். அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் மாறியது.

“நானா சார்? நான் சந்தனத்துக்கு எங்க சார் போவேன்? எங்க ஊட்ல சந்தனக் கட்டையே கெடையாது. நான் அன்னிக்கு கேட்டுல நின்னுக்கினு இருந்தேன், நீங்கதானே நிக்கச் சொன்னீங்க?”

“பின்ன சந்தனம் தானா வந்துதா?” என்றார் மேலாளர்.

“அதற்கு இந்த அறையிலேயே பதில் இருக்கிறது” என்று நான் அவர் பின்னால் இருந்த படத்தைக் காட்டினேன்.

அதிகாரி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எழுந்து போய்ப் பார்த்தார். படத்தில் மேலாளர் தாம்பாளத்தின் மேல் குனிந்து, பக்திப் பரவசத்தோடு, அந்தச் சென்சாருக்குச் சந்தனம் அப்பிக்கொண்டிருந்தார். படம் மிகத் தெளிவு. கேமராவைப் பார்த்து லேசாகச் சிரித்துக்கொண்டும் இருந்தார். அதிகாரி திரும்பி வந்து உட்கார்ந்து, மேசைமேல் இருந்ததைப் பார்த்தார். பிறகு, என்ன நினைத்தாரோ, அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த விசாரணை எங்கே போகும் என்று தெரிந்துவிட்டது.

“சார், இதை எழுத முடியாது” என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். “பூஜை பண்ணினதால விபத்துன்னு கவர்மென்ட் பேப்பர்ல எழுதினா நல்லாயிருக்காது. சந்தனம்னு ஒரு வார்த்தை வரக் கூடாது.”

“வேறென்ன போடலாம்?”

“படிவுன்னு போடுவோம். சென்சார்ல படிவு.”

“படிவு எங்கிருந்து வந்ததுன்னு மேலே கேட்பாங்களே.”

“ஆவி இருக்கு, நுரை இருக்குன்னு நீங்களே எழுதிக் கொடுத்திருக்கீங்க. இயற்கையா படிஞ்சுதுன்னு போட்டுடலாம்.” தான் கண்டுபிடித்த வழியில் அவருக்கே மகிழ்ச்சி. “ஆப்பரேட்டருக்கு ஒரு எச்சரிக்கை மட்டும் கொடுத்துட்டு முடிச்சுடலாம். வேலைய விட்டெல்லாம் எடுக்க வேணாம், பாவம்.”

கதவருகில் நின்றவர் அந்தப் ‘பாவம்’ என்ற சொல்லைக் கேட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். எச்சரிக்கை என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும். மேலாளருக்கும் தெரியும். அவர் முகத்தில் ரத்தம் திரும்ப ஊறியது.

நான் பேனாவைத் திறந்தேன்.

“நல்லது சார். இயற்கையாகப் படிந்தது என்றால் யார் தவறும் இல்லை. யார் தவறும் இல்லாத இடத்தில் யாருக்கு எச்சரிக்கை? விதிப்படி, எச்சரிக்கை கொடுத்தால் எந்தத் தவறுக்கு என்று காரணம் எழுத வேண்டும். காரணம் எழுதினால் படிவு யாரால் என்று எழுத வேண்டும். அதை எழுதினால் அந்தப் படத்தை இணைக்க வேண்டும். இரண்டில் எது வேண்டுமோ சொல்லுங்கள், எழுதித் தருகிறேன். எச்சரிக்கையோடு சந்தனமும் வேண்டுமா, இரண்டும் வேண்டாமா?”

அதிகாரி மேலாளரைப் பார்த்தார். மேலாளர் படத்தைப் பார்த்தார்.

“எச்சரிக்கைய விட்டுடலாம் சார்” என்றார் மேலாளர். குரல் ரொம்பப் பெருந்தன்மையாக இருந்தது. “நம்ம பையன்தானே.”

அறிக்கையை நானே எழுதினேன். இயற்கைப் படிவு, தவறு எவர் மேலும் இல்லை, முன்னெச்சரிக்கையாகப் பழைய மிதவைப் பலகையைத் திரும்ப மாட்டலாம். என் வாழ்க்கையில் நான் கையெழுத்திட்ட பொய்களில் மிகவும் சுத்தமாக எழுதப்பட்டது அது. அதிகாரி ஒரு வரியும் படிக்காமல் கையெழுத்துப் போட்டு, புடவைப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். சென்சாரைத் துடைக்க யாருக்கும் மனம் வராததால், அது பூஜை அலமாரிக்குப் போனது. இன்னும் அங்கே இருக்கலாம்.

கோப்பு நகர்ந்தது. ஆப்பரேட்டர் நிரந்தரமானார். பலகை பழைய இடத்துக்கு வந்தது, தலைகீழ் எண்களோடு. ஆனால் மேலாளர் அறையில் பெட்டி அணைக்கப்படவில்லை. சென்சாரே இல்லாமல் அது இருபத்திரண்டு என்று சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. வருகிறவர்கள் விசாரிக்கும்போது அவருக்குச் சொல்ல ஏதாவது வேண்டும் அல்லவா?

நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னால் ஒரு நாள் பாய்லர் அறையில் இருந்தேன். இன்டர்காம் அடித்தது. ஆப்பரேட்டர் எடுத்தார். மேலாளர் குரல் எனக்கும் கேட்டது. அறையில் யாரோ பார்வையாளர்கள் இருந்திருக்க வேண்டும், குரலில் அந்தக் கம்பீரம் இருந்தது.

“என்னப்பா, மோட்டாரை நிறுத்திட்டியா? இங்க இருபத்தி ரெண்டுதான் காட்டுது. போடு.”

ஆப்பரேட்டர் ஜன்னல் வழியாகத் தொட்டியைப் பார்த்தார். முள் பலகையின் அடிக்கு வந்திருந்தது.

“முள்ளு கீழ வந்துடுச்சு சார். போட மாட்டேன்” என்று சொல்லிவிட்டு ரிசீவரை வைத்தார்.